மறைத்து வைத்த நிரல்

ஐஸ் கொம்பனிக்கு நான் வந்த கிழமை
திருக்கடலூரில் கடன்கொப்பி என்று ஒன்று இருக்கவில்லை.
எல்லாம் ஜவ்பர் நானாவின் தலைக்குள்:
பிலேந்திரனின் போட்டுக்கு நாலு பார்,
அதில் பாதி, சூரை பட்டால்தான் காசு.
மற்றவன் வலை அறுந்தவன்,
இந்த மாசம் கேட்கக்கூடாது.
சம்பளம் பதினெட்டாம் திகதி வந்தது.
சில மாசம் வரவேயில்லை.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
அந்த நம்பிக்கையில் மூன்று பேர்
போட்டை விற்றுப்போட்டு நீர்கொழும்புக்குப் போயிருந்தார்கள்.

கொழும்பிலிருந்து படிவம் வந்தது.
பதினாறு நிரல்.
பதினாறும் எனக்குப் பிடித்திருந்தன.
ஒன்பது மணிக்குக் கேற் பூட்டு.
ஏழு நாளைக்கு மேல் கடன் இல்லை.
நிறுத்துக் கொடு; நொறுங்கல் கழிவு;
கழிவுக்கு யார் பொறுப்பு, கையொப்பம்.
கையொப்பம் நான்,
நளாயினி குணரத்தினம்.

முதல் மாதம் எண்கள் குளித்து உடுத்தி நின்றன.
மேலிடம் ஒரு கைதட்டல் பொம்மை அனுப்பியது.

கச்சான் மண்ணை வாரி இறைத்த ஒரு மத்தியானம்
பிலேந்திரன் சொன்னான்:
"ரெண்டரை பார் போதும், மிஸ்."
ஏன் என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை.
நானும் கேட்கவில்லை.

தம்பலகாமத்து உமி லொறியும் நின்றது.
அந்த உமி ஒருநாளும் விலைக்கு வந்ததில்லை.
மில்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு ஐஸ் போகும்,
முதல் பந்தியில் நானாவுக்கு ஓர் இலை விழும்,
அவ்வளவுதான் உடன்படிக்கை.
ஆதாரமற்ற செலவு என்று அதை வெட்டியது
என் சிவப்புப் பேனை.
ஐஸை உருகாமல் காப்பது இன்னொரு ஐஸ் அல்ல,
ஒன்றுக்கும் உதவாத உமி என்று
களஞ்சியத் தரையில் தண்ணீர் ஓடியபோது தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை
நிலாவெளி ஹோட்டலுக்கு விலைப்பட்டியலோடு போனேன்.
சமையற்கூடத்தில் கமகே ஒரு பாரையைத் தூக்கி
முதுகில் பெருவிரலை அழுத்தினான்.
எடுத்தான்.
பள்ளம் எழும்பவில்லை.
"பிலேந்திரன்ட மீன்," என்றான்,
"முந்தி இவன்டய நான் தொட்டுப் பாக்கிறதே இல்ல."
திருப்பிக் கூடையில் போட்டுவிட்டு
என் பட்டியலை வாசிக்கத் தொடங்கினான்.

கால் அங்குலம் இருக்கும் அந்தப் பள்ளம்.
ஒன்றரைப் பார் ஐஸின் ஆழம்.
என் பதினாறு நிரலில் எதிலும் விழாத ஆழம்.
ஐஸ் விற்கிறேன் என்றிருந்தேன்.
அந்த விரலுக்கடியில் திரும்ப எழும்பும் சதையை அல்லவா
நாங்கள் விற்றுவந்தோம்,
யாரும் விலைச்சீட்டு எழுதாமல்.

பூட்டை நான் எறியவில்லை.
கடைசிப் போட் இறங்கும் நேரத்துக்குத் தள்ளிவைத்தேன்.
கடனுக்குக் கொப்பி உண்டு;
தவணை ஏழு நாள் அல்ல, இரண்டு பாடு.
நானாவின் தலைக்குள் இருந்ததை
ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதினேன்.
இரண்டு பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை.
விட்டுவிட்டேன்.
உமி இப்போது விலைக்கு வருகிறது.
மில்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

பதினேழாவதாய் ஒரு நிரல் சேர்த்தேன்.
தலைப்பு: பள்ளம்.
கமகே தொலைபேசியில் சொல்லுவான்:
எழும்பினது, எழும்பல்ல, அரைவாசி.

கொழும்பு எழுதியது:
தலைப்பு விளங்கவில்லை. நீக்கவும்.

நீக்கவில்லை. மறைத்தேன்.
கூர்ந்து பார்ப்பவருக்கு
பதினாறுக்குப் பக்கத்தில் பதினெட்டு நிற்பது தெரியும்.

இரவு பதினொன்றேகால்.
பஸ் நிலையத்துப் பக்கமிருந்து வந்த மானொன்று
கேற்றடியில் நனைந்த உமியை முகர்கிறது.
"நாலு பார், மிஸ்!" பிலேந்திரன் கத்துகிறான்,
"நொறுங்கலும் போடச் சொல்லுங்கோ."
நானா சவளால் அள்ளுகிறார், நிறுக்காமல்.
அதை எந்த நிரலில் எழுதுவது என்று
பேனையோடு நிற்கிறேன்.